ஜெயகிருஷ்ணன் வீட்டு ஞாயித்துக்கிழமை சர்வீஸ்

உலகத்துல எல்லாரும் தன் கம்ப்யூட்டர் வேகமா ஓடணும்னுதான் ஆசைப்படுவாங்க. சிட்லப்பாக்கத்துல ஒருத்தர் மட்டும் அது எந்தக் காலத்துலயும் வேகமாவே ஆகக்கூடாதுன்னு முடிவு பண்ணாரு. சாதாரண முடிவு இல்ல. குளிச்சு, தலை துவட்டி, சாமி படத்துக்கு முன்னாடி நின்னு எடுத்த முடிவு. அவர் பேரு ஜெயகிருஷ்ணன். கிண்டியில ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சீனியர் அசிஸ்டென்ட். பைத்தியம் எல்லாம் இல்ல. ரொம்பத் தெளிவான ஆளு. அதான் பிரச்சினையே.

ஞாயித்துக்கிழமைன்னா ரெஸ்ட்டுன்னு நினைக்கிறவங்களுக்கு அவர் கஷ்டம் புரியாது. அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா காலைல கேம்ப் ரோடு போய் காய் வாங்கணும். வந்ததும் கிரைண்டர்ல மாவு தள்ளணும். அப்பார்ட்மென்ட்டுக்குத் தண்ணி லாரி வந்தா சம்ப்புத் தொட்டிகிட்ட நின்னு ஹோஸைப் பிடிச்சுக்கணும், வாரம் ஒரு வீட்டு முறை. அது முடிஞ்சதும் இருக்கிறதுல நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு, ட்ரெயின் பிடிச்சு சிங்கப்பெருமாள் கோவில் போய், மாமனார் முன்னாடி உக்காந்து, அவர் சர்வீஸ்ல இருந்தப்போ எந்தெந்த ஆபீஸரை எதிர்த்துப் பேசினாருன்னு முதல்லேர்ந்து கேக்கணும். இதுல முக்கால்வாசியை அவர் மனைவி ரோஹிணி செஞ்சாங்க. மீதியை ரோஹிணி ஞாபகப்படுத்தி அவர் செஞ்சாரு. அந்த மீதியைத்தான் அவரால தாங்கவே முடியல.

அப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் நிஜமாவே படுத்துடுச்சு. பழைய டவர். ஆன் பண்ணா, எழுந்திரிக்கலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிக்கும். ஜெயகிருஷ்ணன் உள் ரூம்ல அது முன்னாடி உக்காந்து எதையோ அழுத்தினாரு. திரையில ஒரு பச்சைக் கோடு வந்துச்சு. நகரவே இல்ல. மாமியார் போன் பண்ணாங்க. ரோஹிணி ஹால்லேர்ந்து சொன்னது அவர் காதுல விழுந்துச்சு: "அவர் சிஸ்டம் சர்வீஸ் பண்ணிட்டு இருக்காரும்மா. இன்னைக்கு வர முடியாது." கீழேர்ந்து அசோசியேஷன் செக்ரட்டரி பத்ரிநாராயணன் சார், "லாரி வந்துடுச்சு, யாராவது வாங்கப்பா"ன்னு கூப்பிட்டாரு. ரோஹிணி பால்கனியிலேர்ந்து சொன்னாங்க: "சிஸ்டம் ஓப்பன் பண்ணி வெச்சிருக்காரு சார். நடுவுல எழுந்தா எல்லாம் போயிடுமாம்."

எல்லாரும் அடங்கிட்டாங்க. டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காருன்னு சொன்னா எப்படி வெளிய இருக்கிறவங்க குரலைத் தாழ்த்துவாங்களோ, அப்படி. உள்ள ஃபேன் ஓடிச்சு. கட்டில் இருந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு. பச்சைக் கோடு அது பாட்டுக்கு இருந்துச்சு. ஜெயகிருஷ்ணன் படுத்தாரு. கல்யாணத்துக்கு அப்புறம் அவர் அப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல.

அன்னிக்கு சாயந்திரம்தான் சாமி படத்துக்கு முன்னாடி அந்த முடிவு.

ஒரு கம்ப்யூட்டரை வேகமாக்குறது கஷ்டம். மெதுவாக்குறது கலை. அதை அவர் கத்துக்கிட்டாரு. ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டாரு. ஒரே கேட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன். அவன் இவன்கிட்ட ஐடி கார்டு கேப்பான், இவன் அவன்கிட்ட கேப்பான், வீட்டுக்காரன் ரோட்டுல நிப்பான். ஆன் பண்ண உடனே பதினாறு ப்ரோகிராமும் சேந்து கண்ணு முழிக்கிற மாதிரி செட் பண்ணாரு. மொத்த டிஸ்க்கையும் அலசுற ஃபுல் ஸ்கேனை, வார நாள்ல, சாயந்திரம் ஓடுற மாதிரி நேரம் குறிச்சு வெச்சாரு. ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பதினாறுல ரெண்டை, செவ்வாய்க்கிழமை தானா திரும்பி வர்ற மாதிரி செட் பண்ணிட்டு, எடுத்துவிடுவாரு. திங்கக்கிழமை கொஞ்சம் மூச்சு விடும். புதன்கிழமைக்குள்ள மறுபடி படுத்துடும். அப்போ ரோஹிணியே வந்து சொல்லணும், "இந்த வாரமும் கொஞ்சம் பாருங்களேன்." அவர் பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது, பாத்துதானே ஆகணும்"ன்னு சொல்லணும்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனா அந்த சாயந்திரம் யாரோடதுன்னு ஒரு தடவை கேட்டுட்டு சிரிங்க.

ரோஹிணி குரோம்பேட்டையில ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சரா இருந்தவங்க. அங்கேர்ந்து விலகினதுக்கு அப்புறம் ப்ளஸ் டூ பசங்களுக்கு ஆன்லைன்ல ட்யூஷன் எடுத்தாங்க. சாயந்திரம்தான் க்ளாஸ். அந்தப் பழைய டவர்தான் அவங்களுக்கு ஸ்கூல், போர்டு, சாக்பீஸ் எல்லாம். ஜெயகிருஷ்ணன் ஃபுல் ஸ்கேனுக்குக் குறிச்ச நேரமும் அதேதான். வேணும்னு குறிக்கல. அப்போ ரோஹிணி உக்காந்திருப்பாங்கன்னு அவருக்குத் தோணல. வேணும்னு பண்ணியிருந்தா கூட மன்னிக்கலாம். தோணவே இல்லைங்கிறதை எப்படி மன்னிக்கிறது?

ஒரு வியாழக்கிழமை அவர் சீக்கிரம் வந்து ஹால்ல காபி குடிச்சிட்டு இருந்தாரு. உள்ள ரோஹிணி பாடம் நடத்திட்டு இருந்தாங்க. "பென்சீன் ரிங்ல" வரைக்கும் வந்துச்சு. அப்புறம் சத்தம் இல்ல. எட்டிப் பாத்தாரு. திரையில ரோஹிணி முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. நிஜ ரோஹிணி அதுக்கு முன்னாடி வாயை மூடிட்டு உக்காந்திருந்தாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு திரை அசைஞ்சுச்சு. பாதிப் பசங்க போயிருந்தாங்க. இருந்தவங்கள்ல ஒருத்தன் அந்தத் திறந்த வாயை ஸ்டிக்கராப் பண்ணி க்ளாஸ் குரூப்லயே போட்டிருந்தான்.

"நெட் ப்ராப்ளமா இருக்கும்"னாரு ஜெயகிருஷ்ணன்.

"பக்கத்து வீட்டுல அதே நெட்தான். அங்க படம் ஓடுது."

"அவங்களோடது புது சிஸ்டம்."

"அப்போ நாமளும் புதுசு வாங்கலாமா?"

"எதுக்கு? இது நல்ல சிஸ்டம் ரோஹிணி. உடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல. ஞாயித்துக்கிழமை நான் பாக்குறேன்."

"எல்லா ஞாயித்துக்கிழமையும் பாக்குறீங்களே."

"பாக்குறதாலதான் இந்த அளவுக்காவது இருக்கு."

ரோஹிணி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாங்க. "ஜீவிதாவோட அம்மா போன் பண்ணாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து பொண்ணு வேற க்ளாஸுக்குப் போறாளாம். டீச்சர் மேல குறை இல்லையாம். டீச்சர் பாதியில நின்னுடுறாங்களாம்."

காபி ஆறிப் போச்சு. அவருக்கு உள்ள எங்கயோ சுருக்னு இருந்துச்சு. அந்த சுருக்கைக் கையில எடுத்துப் பாத்தாரு. ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தையும் எடுத்துப் பாத்தாரு. சுருக்கை கீழ வெச்சிட்டாரு.

"ஜான்சிகிட்ட ஒரு தடவை காட்டட்டுமா?" ரோஹிணி கேட்டாங்க. ஜான்சி முதல் மாடி. காட்டாங்குளத்தூர்ல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பொறுப்பு முழுக்க அந்தப் பொண்ணுதான்.

"வேணாம்."

"ஏங்க?"

"வெளி ஆள் கை வெச்சா என்னென்ன போகும் தெரியுமா? பேங்க், ஆதார், கல்யாண போட்டோ."

"கல்யாண போட்டோவை ஜான்சி என்னங்க பண்ணப் போறா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது ரோஹிணி. ஒரு சிஸ்டத்தை ஒரே கைதான் பாக்கணும். கை மாறினா கெட்டுடும்."

"சரிங்க"ன்னாங்க ரோஹிணி.

ரோஹிணி எதிர்த்துப் பேசினா பயப்பட வேண்டியதில்ல, "சரிங்க"ன்னா மட்டும்தான் பயப்படணும். அந்தத் தெருவுல காய் விக்கிறவருக்குக் கூட இது தெரியும். கூட வாழ்ந்த மனுஷனுக்குத் தெரியல.

மறுநாள் ஆபீஸுக்கு இறங்கும்போது படியில ஜான்சி எதிர்ல வந்தாங்க.

"சார், சிஸ்டம் ரொம்பப் படுத்துதாமே. அக்கா சொன்னாங்க. நான் வந்து பாக்கட்டுமா?"

"தேவையில்லம்மா. சண்டே நானே சர்வீஸ் பண்றேன்."

"அது தெரியும் சார். எங்க சர்ச்சுல கூட சண்டே சர்வீஸ் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடுது. உங்களது ராத்திரி சாப்பாடு வரைக்கும் போகுதே, அதான் கேட்டேன்."

"மெஷின் விஷயம்மா. பொறுமையா பண்ணணும்."

"கரெக்ட் சார். இவ்ளோ பொறுமையை நான் பாத்ததே இல்ல."

அவர் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாரு.

அடுத்த வாரம் முழுக்க ரோஹிணி தினமும் ஒரே பாட்டுதான். திங்கள், "இன்னைக்கும் நின்னுடுச்சுங்க." செவ்வாய், "ஆன் ஆகவே ரொம்ப நேரம் ஆச்சு." வெள்ளி, "எனக்கு வெறுத்துப் போச்சு." ஒவ்வொரு தடவையும் ஜெயகிருஷ்ணன் சோகமா தலையாட்டினாரு, உள்ளுக்குள்ள மனசு ஜில்லுன்னு இருந்துச்சு. சனிக்கிழமை ரோஹிணியே தலையணை உறையை மாத்திப் போட்டாங்க. "நாளைக்குக் கொஞ்சம் நல்லா பாத்துடுங்க. யாரும் தொந்தரவு பண்ணாம நான் பாத்துக்குறேன்."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும்னு அவர் நினைச்சாரு. அது நியாயமான கேள்விதான்.

ஞாயித்துக்கிழமை. டிபன் முடிச்சு, ஏப்பம் விட்டு, ஜெயகிருஷ்ணன் உள்ள போய் கதவைச் சாத்தினாரு. ஃபேனைப் போட்டாரு. டவர் பட்டனை அழுத்திட்டு, வழக்கம்போல தலையணையைத் தட்டிப் போடத் திரும்பினாரு. தலையணை கையிலதான் இருக்கு. அதுக்குள்ள கம்ப்யூட்டர் எழுந்து ரெடியாயிடுச்சு.

அவர் முதல்ல நம்பல. அணைச்சாரு. மறுபடி போட்டாரு. மறுபடி வந்துச்சு. எதைத் தொட்டாலும் திறந்துச்சு. தொடலாமான்னு நினைக்கும்போதே திறந்துச்சு. முப்பது வருஷமா லேட்டா வர்ற ஆபீஸ் பியூன் ஒரு நாள் நமக்கு முன்னாடி வந்து மேஜை துடைச்சுட்டு நின்னா ஒரு பயம் வருமே. அந்தப் பயம்.

ரெண்டு வாட்ச்மேனையும் தேடினாரு. ஒருத்தன்தான் இருந்தான், அவனும் சத்தம் போடாம ஓரமா நின்னான். சாயந்திர ஸ்கேனைக் காணோம். எல்லாத்தையும் திரும்பப் போடப் பாத்தாரு. ஒரு கட்டம் வந்து மறிச்சுச்சு. பாஸ்வேர்ட் கேட்டுச்சு. அவருக்குத் தெரிஞ்ச எல்லா பாஸ்வேர்டையும் குடுத்தாரு. அது அவரைத் தெரியாத மாதிரியே நடந்துக்கிச்சு.

கதவைத் திறந்துட்டு வெளிய வந்தாரு. ரோஹிணி ஹால்ல புடவைக்கு பின் குத்திட்டு இருந்தாங்க. பக்கத்துல கைப்பை தயாரா இருந்துச்சு.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?"

"இல்ல. அது வந்து. பாஸ்வேர்ட் கேக்குது."

"ஆன் பண்றதுக்கா?"

"ஆன் ஆயிடுச்சு."

"அப்போ எதுக்கு?"

"சர்வீஸ் பண்றதுக்கு."

"என்ன சர்வீஸ்?"

இதுக்கு பதில் சொல்லணும்னா, ரெண்டாவது வாட்ச்மேனைக் கூட்டிட்டு வரணும்னு சொல்லணும்.

"ரொம்ப வேகமா இருக்கு ரோஹிணி"ன்னாரு. கம்ப்ளெய்ன்ட் மாதிரி வந்துச்சு குரல்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா எப்படி ஆச்சு?"

ரோஹிணி பின்னைக் குத்தி முடிச்சாங்க. குரல் உயரல. க்ளாஸ்ல தப்பு விடை சொன்ன பையனைப் பாக்குற பார்வை. "நீங்கதானே வாரா வாரம் பண்றீங்க. உங்க கை பட்டுதான் சரியாயிருக்கும். இல்ல, வேற யாராவது பண்ணாங்களோ?"

ரோஹிணி கைப்பையைத் தோள்ல மாட்டினாங்க.

"சந்தேகமா இருந்தா இப்பவே ஜான்சியைக் கூப்பிடலாம். எது எப்ப ஓடுச்சு, எதை யார் போட்டாங்கன்னு எல்லாம் பாத்து சொல்லிடுவா. நீங்களும் நானும் சேந்து உக்காந்து பாக்கலாம். ஜீவிதா அம்மாவையும் வேணா கூப்பிடுறேன். அவங்களுக்கும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கும், டீச்சர் ஏன் பாதியில நின்னாங்கன்னு. அந்த ஸ்டிக்கர் வந்ததுலேர்ந்து ஒவ்வொரு க்ளாஸும் ஆரம்பிக்கும்போது எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆகும். காரணம் தெரிஞ்சா எனக்கும் நிம்மதி."

ஜெயகிருஷ்ணனுக்கு முன்னாடி ரெண்டே வழிதான். ஒண்ணு, இதைப் பண்ணது நான் இல்லைன்னு சொல்லலாம். சொன்னா அதுக்கு முன்னாடி பண்ணது யாருன்னு வரும். இன்னொண்ணு, நான்தான்னு சொல்லலாம். பொய்தான். ஆனா மரியாதையான பொய்.

"நான்தான் பண்ணேன்"னாரு.

"நிச்சயமா?"

"நிச்சயமா. போன வாரம் ஒரு சின்ன வேலை பண்ணேன். அது பிடிக்கக் கொஞ்சம் நாள் ஆகும்."

"ஒரு வாரமா இப்படித்தான் ஓடுது"ன்னாங்க ரோஹிணி. "நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

போனை எடுத்து ஏதோ அடிச்சாங்க. அடுத்த நொடி அவர் சட்டைப் பையில போன் உதறுச்சு. அப்பார்ட்மென்ட் குரூப். "வணக்கம். எங்க வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை என் கணவரே சரி பண்ணி புதுசு மாதிரி ஆக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை முழுக்க இதுதான் அவருக்குப் பிடிச்ச வேலை. மெதுவா ஓடுற கம்ப்யூட்டர் வெச்சிருக்கிறவங்க தயங்காம எடுத்துட்டு வரலாம்."

கீழ பதினெட்டு கையெடுத்துக் கும்பிடுற படம் வரிசையா வந்துச்சு.

"என்ன ரோஹிணி இது?"

"நல்லது பண்ணா நாலு பேருக்குத் தெரியணும்ங்க."

"காய் வாங்கப் போகணுமே. மாவு தள்ளணும்." வாழ்க்கையில முதல் தடவையா அந்த வேலையெல்லாம் தனக்கு வேணும்னு கேட்டாரு.

"காயை ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன். கம்ப்யூட்டர்தான் பறக்குதே. மாவு பாக்கெட் வாங்கியாச்சு. நானும் ஜான்சியும் சிங்கப்பெருமாள் கோவில் போறோம். அம்மாவைப் பாத்துட்டு, சாமி பாத்துட்டு, இருட்டுறதுக்குள்ள வந்துடுவோம்."

"நானும் வர்றேனே. உங்க அப்பாவைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

"அவரும் உங்களைக் கேட்டாரு. சிஸ்டம் பாக்குறாருன்னு சொன்னேன். புரிஞ்சுக்கிட்டாரு."

பெல் அடிச்சுச்சு. பத்ரிநாராயணன் சார். தோள்ல ஒரு துண்டு. இன்னொரு துண்டுல சுத்தி ஒரு டவர், தூங்குற குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி நெஞ்சோட அணைச்சிருந்தாரு. "குரூப்ல பாத்தேன் சார். நான்தான் முதல்ல வரணும்னு ஓடி வந்தேன். இது ஆன் ஆகுறதுக்குள்ள நான் தண்ணி லாரியே பாத்துட்டு வந்துடுவேன் சார். அவ்ளோ ஸ்லோ."

அந்த வார்த்தை ஜெயகிருஷ்ணன் காதுல தேன் மாதிரி பாஞ்சுச்சு. அவ்ளோ ஸ்லோ. முகத்துல ரத்தம் திரும்பி வந்துச்சு. அட, இதை யோசிக்கலையே. நம்மளது போனா என்ன? ஊர் முழுக்க மெதுவான கம்ப்யூட்டர் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை. கதவு இருக்கு. கட்டில் இருக்கு. ரோஹிணி புத்திசாலிதான், ஆனா நம்மளை விட ஒரு அடி பின்னாடிதான்.

"குடுங்க சார்"ன்னு வாங்கி உள்ள கொண்டு போய் மாட்டினாரு. பட்டனை அழுத்தினாரு. திரை கறுப்பா நின்னுச்சு. அந்த அழகான, நகராத கறுப்பு. "இது ரொம்ப நேரம் பிடிக்கும் சார். நீங்க வீட்டுக்குப் போங்க. நடுவுல யாரும் உள்ள வரக்கூடாது"ன்னு சொல்லிட்டு கதவைச் சாத்தப் போனாரு.

கதவு சாத்தல. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோட கால் நடுவுல நின்னுச்சு.

"மேடம் உக்காந்து பாக்கச் சொன்னாங்க சார்." பத்ரிநாராயணன் சார் நாற்காலியை இழுத்து கட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல போட்டாரு. "நீங்க பண்றதைப் பாத்தாலே கத்துக்கலாமாமே."

ஜெயகிருஷ்ணன் வாசலுக்கு ஓடினாரு. ரோஹிணி செருப்பு மாட்டிட்டு இருந்தாங்க. ஜான்சி படியில நின்னு வேற எங்கயோ பாத்தாங்க.

"ரோஹிணி." ரொம்ப மெதுவா சொன்னாரு. "எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு மெதுவாக்க மட்டும்தான் தெரியும்."

அவர் அந்த வீட்டுல சொன்ன முதல் உண்மை அதுதான்னு நினைக்கத் தோணுது.

ரோஹிணி திரும்பிப் பாத்தாங்க. சிரிக்கல. "தெரியும்ங்க. கஷ்டம் இல்ல. நம்ம வீட்டுல என்னென்ன போட்டீங்களோ, அதையெல்லாம் அந்த சிஸ்டத்துலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துவிடுங்க. வேகமாயிடும்."

படியிறங்குற சத்தம் கேட்டு முடிஞ்சுச்சு. ஜெயகிருஷ்ணன் உள்ள வந்தாரு. திரை இன்னும் கறுப்பாத்தான் இருந்துச்சு. பத்ரிநாராயணன் சார் சட்டையோட மேல் பட்டனைக் கழட்டிட்டு, காலைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுக்கிட்டாரு.

"மெதுவா பண்ணுங்க சார், அவசரமே இல்ல"ன்னாரு. "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தா எனக்கும் ஏதாவது வேலை சொல்லிடுறாங்க."